முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

திவாலாவதற்கும் ஒரு பயிற்சி வகுப்பு வந்துவிட்ட காலம் அது. பட்டுக்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் மெஹருன்னிசா நடத்திய அந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடனில் கழுத்தளவு மூழ்கியவர்கள் பலகையைப் பார்த்தா வருவார்கள்? அங்கே இங்கே விசாரித்து எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்கள். நீலாவதியும் அப்படித்தான் வந்தாள், தஞ்சாவூரில் அவளுடைய நேர்காணலுக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது.

பேராவூரணிப் பக்கத்தில் தேங்காய்ப்பால் ஆலை வைத்திருந்தவள். ஐம்பது வயது. கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, பிடிவாதம் மட்டும் நிறைய. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புயல் சுற்றுவட்டாரத் தென்னையையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. காய் இல்லாத ஊரில் தேங்காய்ப்பால் ஆலை என்ன செய்யும்? வங்கிக் கடன் மட்டும் எந்தப் புயலுக்கும் அசையாமல் நின்றது. ஆலையை விற்றும் பாதிக்கு மேல் பாக்கி. கடைசியில் கடன் விடுவிப்பு வாரியத்துக்கு மனுப் போட்டாள்.

வாரியம் மனுதாரரை அழைத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். நாணயமானவர் என்று தெரிந்தால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்துவிடும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சம்பளத்தில் பாதி கைக்கு வராது. ஒரு மனுஷியின் நாணயத்தை அரைமணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் நெஞ்சறி என்ற அந்தப் பட்டி. கழுத்தில் மாட்டுவார்கள். முன்பக்கம் பட்டாணி அளவில் ஒரு விளக்கு இருக்கும். மெஹருன்னிசா வாரியத்தில் எட்டு வருஷம் அதை ஊர்க்காரர்கள் கழுத்தில் மாட்டிவிட்டவள். ஒருநாள் வேலையை உதறிவிட்டு, அதே பட்டியிலிருந்து தப்பிக்கச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்கக்கா," என்றாள் மெஹருன்னிசா. "இது உண்மையைக் கண்டுபிடிக்காது. நீங்க சொல்றதை நீங்களே நம்புறீங்களான்னு மட்டும்தான் பார்க்கும். நம்பினா பச்சை, நம்பாட்டி சிவப்பு. தன்னை ராஜான்னு நம்புற பைத்தியத்துக்கு இது பச்சைதான் காட்டும்."

முதல் இரண்டு நாள் சுலபமாகப் போனது. ஆலை ஏன் நொடித்தது, நகை எங்கே போயிற்று, யார் பேரிலாவது சொத்தை மாற்றி வைத்திருக்கிறாயா என்று மெஹருன்னிசா, தன்னிடமிருந்த ஒரு பட்டியை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். நீலாவதி உள்ளதைச் சொன்னாள். எல்லாம் பச்சை. சும்மா காசைக் கொண்டுவந்து கொட்டுகிறோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் மெஹருன்னிசா அவளுடைய பழைய வங்கிக் கணக்கைத் திரையில் ஓடவிட்டு ஒரு தேதியில் நிறுத்தினாள். ஏழு வருஷத்துக்கு முந்திய ஓர் ஆடி மாதத்து நாள். அந்த ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடமிருந்து வரவு. மனுவில் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் இவர்களில் ஒருவர் பெயரையும் ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். எழுத வேண்டும் என்றே நீலாவதிக்குத் தோன்றியிருக்கவில்லை. அது கடனா என்ன? அது மொய் விருந்து.

அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கையில் முதல் இல்லாதவர் பந்தல் போட்டு, ஆட்டை அடித்து, ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் தங்களால் ஆனதை மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அவரவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது, கேட்டு வருகிறவரும் கிடையாது. ஆனால் செய்யாமல் விட்டவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது. எந்த வங்கியும் நீலாவதியை வாசற்படி ஏற விடாத நாளில், இந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிய மொய்யில்தான் ஆலைக்கு முதல் இயந்திரம் வந்தது.

"அதிகாரி இதைக் கண்டிப்பா கேப்பாரு," என்றாள் மெஹருன்னிசா. "படிவத்துல ரெண்டே கட்டம்தான். அன்பளிப்பு, இல்லாட்டி கடன். அன்பளிப்புன்னா அதோட போச்சு, அப்புறம் நீங்க யாருக்கு என்ன செஞ்சாலும் கேள்வி இல்ல. கடன்னு சொன்னா அத்தனை பேரும் பட்டியல்ல ஏறுவாங்க. வங்கிக் கடனோட சேர்த்து அவங்களுதும் தள்ளுபடி ஆயிரும்."

அப்படித் தள்ளுபடியானால் பரவாயில்லை, தான் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிடுவேன் என்றாள் நீலாவதி. வருஷத்துக்கு நாற்பது ஐம்பது வீட்டில் விருந்து வரும்; இப்போது வேலை பார்க்கும் கயிறு ஆலையில் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் ஆறேழு வருஷத்தில் எல்லார் வீட்டுக்கும் செய்து முடித்துவிடலாம் என்று அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மெஹருன்னிசா முடியாது என்று தலையை ஆட்டினாள். தள்ளுபடியான கடனைத் திருப்பிக் கொடுப்பது குற்றம். வங்கியை ஏமாற்றிவிட்டுச் சொந்தபந்தத்துக்குக் கொடுப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. கொடுத்தவளுக்கும் தண்டனை, வாங்கியவருக்கும் தண்டனை.

"அப்ப அன்பளிப்புன்னே சொல்லிர்றேன்."

சொன்னாள். கழுத்தில் சிவப்பு எரிந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி சிவப்பு.

இதுதான் நீலாவதி மாட்டிக்கொண்ட இடம். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் திருப்பிச் செய்ய வேண்டுமென்றால், அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்று அவள் மனசார நம்ப வேண்டும். இதை யோசித்துச் சட்டம் எழுதியவர் யாராயிருந்தாலும் அவர் எந்த மொய் விருந்திலும் உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லை.

நம்ப வைக்க மெஹருன்னிசாவிடம் ஒரு வழி இருந்தது. எந்த மனுஷர் கொடுத்ததிலும் ஒரு சின்ன சுயநலம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஒரு பெயரைச் சொல்லவேண்டியது, அவர் எதற்காகக் கொடுத்தார் என்று குறை கண்டுபிடிக்கவேண்டியது, பிறகு "நான் இவருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை" என்று பச்சை வரும்வரை சொல்லவேண்டியது. நீலாவதி எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். நேர்காணல் முடிந்ததும் எல்லாரையும் பழையபடி நினைத்துக்கொள்ளலாம், இப்போதைக்கு இது ஒரு வேலை என்று இறங்கினாள். காலையில் கயிறு ஆலை, மத்தியானத்துக்கு மேல் பட்டுக்கோட்டை. பேருந்திலும் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

தேடினால் கிடைக்காத குறை உண்டா? கலியபெருமாள் ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்கவேண்டும் என்பதற்காகக் கொடுத்தான். குழந்தையம்மாள் ஆலையில் மகனுக்கு வேலை கிடைக்கும் என்று கொடுத்தாள். தில்லைநாயகி, அவளுடைய வீட்டு விருந்துக்கு நீலாவதி ஏற்கெனவே செய்திருந்ததால் வேறு வழியில்லாமல் கொடுத்தாள். முதலில் பெயருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அப்புறம் பத்து நிமிஷம், அப்புறம் இரண்டு நிமிஷம். ஒன்பதாம் நாள் முடியும்போது நூற்றெண்பது பெயர் பச்சையாகியிருந்தது. வைரக்கண்ணுவின் பெயர் மட்டும் எத்தனை முறை சொன்னாலும் சிவப்பிலேயே நின்றது. மரமேறும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டுவந்தவர் அவர். அன்றைக்கு எல்லாரையும்விடப் பெரிய மொய் அவருடையது. அவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மெஹருன்னிசா ஒதுக்கி வைத்தாள்.

பத்தாம் நாள் சரிபார்ப்பு. பச்சையான பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள் நீலாவதி. விளக்கு ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. மெஹருன்னிசாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தில்லைநாயகி என்று சொல்லி, ஒன்றும் தர வேண்டியதில்லை என்றும் சொல்லி, பச்சையும் வந்த பிறகு நீலாவதி அடுத்த பெயருக்குப் போகவில்லை.

"இன்னிக்கு அவ வீட்டுல சாவு," என்றாள்.

தில்லைநாயகியின் கணவர் காலையில் இறந்துபோயிருந்தார். மூன்று தெரு தள்ளி வீடு. செய்தி ஆறு மணிக்கே செல்பேசிக்கு வந்துவிட்டது. நீலாவதி படித்தாள், இட்லி சாப்பிட்டாள், கயிறு ஆலைக்குப் போனாள், பேருந்து ஏறி இங்கே வந்துவிட்டாள். துக்கத்துக்குப் போகக்கூடாது என்று அவள் முடிவு செய்யவில்லை. நேரம் இல்லை என்றும் நினைக்கவில்லை. போகவேண்டும் என்ற நினைப்பே எழவில்லை, அவ்வளவுதான். அவளுடைய கணவர் இறந்த அன்று முதல் ஆளாக ஓடிவந்து, மூன்று நாள் கூடவே கிடந்து, வாயில் கஞ்சியை ஊற்றியவள் தில்லைநாயகி.

ஆலை போனபோது அழாத நீலாவதி இப்போது அழுதாள். பட்டியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என்னை என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

மெஹருன்னிசா கழற்றி வைத்த பட்டியைக் கையில் எடுத்தாள். இப்படிக் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான், மற்றவர்களுக்குக் கேட்கக்கூடத் தோன்றுவதில்லை என்றாள். பயிற்சி முடித்துப் பச்சையோடு வெளியே போனவர்கள் யாரும் பழைய ஆளாகத் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. அதற்காக இப்போது நிறுத்தினால் அன்பளிப்பு என்று சொல்லும்போது சிவப்பு எரியும், ஆயுசு முழுக்கக் கடன்காரியாகவே இருக்க வேண்டியதுதான், இன்னும் பதினொரு நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள்.

"கடன்னே சொல்லப்போறேன்," என்றாள் நீலாவதி. "அது தள்ளுபடியாகி, நான் கொடுக்க முடியாமப் போனாலும் போகட்டும். கொடுக்கணும்ங்கிற நெனப்பாவது எங்கிட்ட இருக்கட்டும். அதையும் பிடுங்கிக்கிட்டு எனக்கு எதுக்கு விடுதலை?"

மீதி நாட்களுக்கான பயிற்சியை அவளே வகுத்துக்கொண்டாள். அன்று மாலையே தில்லைநாயகி வீட்டுக்குப் போனாள். எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்திருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கயிறு ஆலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீடு வீடாக நடந்தாள். ஒரு நாளைக்கு முப்பது வீடு. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு காரியம். உங்கள் மொய்யை வாரியத்தில் கடன் என்று சொல்லப்போகிறேன், அது தள்ளுபடியாகிவிடும், என்னை மன்னிக்க வேண்டும் என்பது ஒன்று. அன்றைக்கு எழுதிய பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பது இன்னொன்று.

அந்த இரண்டாவது கேள்விக்கு அவள் எதிர்பார்க்காத பதிலெல்லாம் வந்தது. குழந்தையம்மாள் தோட்டை அடகு வைத்து எழுதியிருந்தாள். ஒருவர் கன்றுக்குட்டியை விற்றிருந்தார். கலியபெருமாள் மட்டும், பந்தாவுக்குத்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு சிரித்தான். பந்தாவுக்கு எழுதியிருந்தாலும் அந்தக் காசு இயந்திரம் வாங்கியதா இல்லையா என்று கேட்டான். வாங்கியது என்றாள் நீலாவதி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கும்போது ஒரு பெயர் அவளுக்குள் மறுபடி கனத்தது. அந்தக் கனம் அவளுக்குப் பிடித்திருந்தது.

எல்லாரும் சிரித்துப் பேசி அனுப்பவில்லை. பலருக்குக் கோபம். பணம் போகிறதே என்பதைவிட, மொய்யைக் கடன் என்று அரசாங்கத் தாளில் எழுதப்போகிறாளே என்ற கோபம். வைரக்கண்ணு அவளை உள்ளேயே விடவில்லை. அவருடைய இயந்திரங்களும் புயலில் நொறுங்கிப்போய், வருகிற ஆவணியில் விருந்து வைக்க நாள் குறித்திருந்தார். நீலாவதி அவருக்கு முதல் ஆளாகச் செய்ய வேண்டிய விருந்து அது.

"நான் என்னா ஆத்தா, உனக்கு வட்டிக்கா விட்டேன்?" என்றார் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று. "கடன்காரன் லிஸ்ட்டுல எம்பேரை எழுதிருவியாமே. எழுது, எழுது."

கதவைச் சாத்திக்கொண்டார். நீலாவதி சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பு வாரியத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரே வகையாகப் பலரிடமிருந்து பணம் வந்திருந்தால், எல்லாரையும் கூப்பிடாமல் அதிகத் தொகை கொடுத்த ஒருவரை அழைத்து விசாரிப்பார்கள். அவர் சொல்வது அந்த வகை முழுவதற்கும் செல்லும். அழைக்கப்பட்டவர் வைரக்கண்ணு. சாத்திய கதவு நீலாவதியின் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மறுநாளும் அதற்கு மறுநாளும் விடுபட்ட வீடுகளுக்கு நடந்து, முந்நூற்றுப் பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

தஞ்சாவூரில் நேர்காணல் அறை சின்னதாக, குளிர்ச்சியாக இருந்தது. எழிலரசன் என்ற அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையானவர். பட்டி மாட்டியதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஆலை, புயல், நகை என்று கேள்விகள் வரிசையாக வந்தன, எல்லாவற்றுக்கும் பச்சை. பிறகு அந்த ஆடி மாதத்து நாளுக்கு வந்தார்.

"முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இவங்களை நீங்க பட்டியல்ல காட்டலை. மறைக்கணும்னு நெனச்சீங்களா?"

"இல்ல சார். எழுதணும்னே தோணலை. எங்க பக்கத்துல அதை யாரும் கடன்னு சொல்ல மாட்டாங்க."

பச்சை. அவர் குறித்துக்கொண்டார். "அப்படின்னா அன்பளிப்பா?"

அந்த ஒரு வார்த்தைக்குத் தலையை ஆட்டிவிட்டால் என்ன என்று நினைக்காமல் இருக்க அவள் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. ஒரு நொடி நினைத்தாள்.

"இல்ல சார். அத்தனை பேருக்கும் நான் திருப்பிச் செய்யணும். என் உசுரு இருக்குற வரைக்கும் அது போகாது. உங்க படிவத்துல கடன்னுதான் கட்டம் இருக்குன்னா, கடன்னே போட்டுக்குங்க."

பச்சை அசையாமல் நின்றது. எழிலரசன் அதையும் குறித்துக்கொண்டார். மறைக்கும் எண்ணம் இல்லை என்பது பதிவாகிவிட்டது, அதனால் வங்கிக் கடன் தள்ளுபடிக்குத் தடை இல்லை என்றார். ஆனால் இந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் கூடவே போகும், பிறகு ஒரு ரூபாய் கொடுத்தாலும் குற்றம், புரிகிறதா என்று கேட்டார். புரிகிறது என்றாள். அழைக்கப்பட்டவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

வைரக்கண்ணு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நீலாவதி பக்கம் திரும்பவில்லை. அவர் கழுத்திலும் ஒரு பட்டியை மாட்டினார்கள். நீலாவதி செய்யவேண்டிய தொகை எவ்வளவு, அதைக் கோருகிறீர்களா என்று அதிகாரி கேட்டார்.

"அவுக எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல," என்றார் வைரக்கண்ணு.

சிவப்பு.

எழிலரசன் நிமிர்ந்தார். கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டார். வைரக்கண்ணு இன்னும் கொஞ்சம் சத்தமாக அதையே சொன்னார். மறுபடி சிவப்பு. பட்டி பழுதோ என்று உதவியாளர் வேறொன்றை எடுத்துவந்து மாட்டினார். அதுவும் சிவப்பு.

"ஐயா, நீங்க சொல்றதை நீங்களே நம்பலை," என்றார் எழிலரசன்.

"நான் நம்பணும்னு சட்டம் இருக்கா சார்? கொடுத்தவன் விட்டுட்டேன்னு சொன்னா, அதுக்கு எந்த வெளக்கும் வேணாமாமே. பட்டுக்கோட்டையில ஒரு பொண்ணுகிட்டப் போயி விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்."

எழிலரசன் திரையில் எதையோ தேடிப் படித்தார். அவர் சொல்வது சரிதான். விட்டுக்கொடுப்பதற்கு நிறம் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. கோரிக்கை இல்லாவிட்டால் அது இந்த வழக்கில் சேராது, சேராதது தள்ளுபடியும் ஆகாது என்று பாதி தனக்கும் பாதி அவர்களுக்குமாகச் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் நீக்குகிறேன், அதற்கு அப்புறம் உங்களுக்குள் கொடுப்பதும் வாங்குவதும் உங்கள் பாடு என்றார்.

"ஆனா ஏன் சிவப்பு வருதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்காகக் கேக்குறேன்."

வைரக்கண்ணு அப்போதுதான் நீலாவதியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"அது கெடக்கு சார்," என்றார். "நீங்க எழுதுங்க."

பயிற்சியில் அந்தச் சிவப்பைக் கண்டாலே நீலாவதிக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்தக் கிழவர் கழுத்தில் அது எரிவதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. ஆலை போய், நகை போய், சொத்து என்று சொல்ல ஒரு செம்புகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் விடமாட்டாள் என்பதை வாயால் மறுத்தும் இந்த மனுஷரின் நெஞ்சால் மறுக்க முடியவில்லை. உதவியாளர் வந்து பட்டியைக் கழற்றுகிற வரைக்கும் அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.